ஏழுக்கு நாலு

"ஆம்பளைங்க ஜெயிச்சா எழுபதாயிரம். நாங்க ஜெயிச்சா நாப்பதாயிரமாம்பா."

சுகுணா பேனரைப் போனில் படம் பிடித்தே கொண்டு வந்துவிட்டாள். வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஊர்கள் சேர்ந்து நடத்தும் கால்பந்துப் போட்டி. பெண்கள் அணிகளைச் சேர்த்தது இந்த வருஷம்தான். ஊர்ப் பெண்கள் அணிக்குச் சுகுணா கேப்டன்.

கோவிந்தப்பன் போனை வாங்கிப் பார்த்தார். அவருடைய மாந்தோப்பில் அன்று பறிப்பு. குட்டையான ஒட்டு மரங்கள், ஏறுகிற வேலையே இல்லை. ஆணும் பெண்ணுமாக வலை கட்டிய கோலை நீட்டிப் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா? பந்துக்குத் தெரியுமா, உதைக்கறது ஆம்பளக் காலா பொம்பளக் காலான்னு?"

சுகுணாவுக்குப் பெருமையாக இருந்தது. டிரவுசர் போட்டுக்கொண்டு ஆடுகிறாள் என்று சொந்தக்காரர்கள் வாயில் போட்டு மென்றபோது, "உங்க வீட்டுச் சோத்தையா திங்கறா?" என்று கேட்டு வாயடைத்தவர் அவர்.

"எழுபது வந்தா எல்லாருக்கும் ஷூ வாங்கி, சேலம் போட்டிக்கு வண்டியும் பிடிச்சிடலாம்பா. நாப்பது ஷூவுக்கே சரியாப் போயிடும். அப்புறம் சேலத்தை மறந்துட வேண்டியதுதான்."

"நான் தரேன்னா வேணாங்கறீங்க."

"ஆடி ஜெயிச்சு வாங்கணும்பா. ஆனா எனக்கு ஒன்னு புரியல. பாதின்னா முப்பத்தஞ்சு போட்டிருக்கணும். அதென்ன எழுபதுக்கு நாப்பது? எங்கிருந்து பிடிச்சாங்க இந்தக் கணக்கை?"

பக்கத்து மரத்தடியில் பறித்துக்கொண்டிருந்த முனிலட்சுமி சட்டென்று சிரித்தாள். அவள் மகள் மாதேஸ்வரிதான் சுகுணா அணியின் கோல் கீப்பர்.

"என்னாக்கா சிரிக்கறீங்க?"

"ஒன்னுமில்ல கண்ணு. எங்கியோ கேட்ட கணக்காட்டம் இருந்துச்சு." முனிலட்சுமி கோலைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

கோவிந்தப்பன் பைக்கை எடுத்தார். "ஏறும்மா. அந்த முத்துமணியைக் கேட்டுட்டு வந்துடலாம்."

வழி நெடுக அவர் வாய் ஓயவில்லை. வெளிநாட்டில் பெண்கள் கோர்ட்டுக்குப் போய்ச் சண்டை போட்டது, இங்கே இருப்பவர்களுக்கு இன்னும் புத்தி வராதது, எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். "கூட்டம் வராதுன்னு சாக்கு சொல்லுவான் பாரு. விடமாட்டேன்." பின்னால் உட்கார்ந்திருந்த சுகுணாவுக்கோ அந்தக் கணக்குதான் மண்டையைக் குடைந்தது. முனிலட்சுமி அக்கா ஏன் சிரித்தாள்?

மைதானத்தில் முத்துமணி சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். ஓசூரில் கம்பெனி வேலை. போட்டி என்றால் லீவு போட்டுவிட்டு வந்து நின்றுவிடுவான், கமிட்டியில் அவன்தான் எல்லாம். கோவிந்தப்பனைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"வாங்கண்ணா. கப்பு நீங்கதான் குடுக்கணும்னு கமிட்டியில பேசி வெச்சிருக்கோம்."

"கப்பு கெடக்கட்டும்பா. பொண்ணுங்களுக்கு ஏன் கொறைச்சல்? கூட்டம் வராதுன்னா?"

"ஐயோ, அவங்க மேட்ச்சுக்குத்தான் கூட்டமே அள்ளும்ணா."

"அவங்க கொறைச்ச நேரம் ஆடறாங்களா?"

"இல்லீங்க. அதே நேரம், அதே கிரவுண்டு."

"அப்புறம் என்னாத்துக்கு இந்த ஓரவஞ்சனை? ஒரே வெயிலு, ஒரே வேர்வை. வேலை ஒன்னுன்னா காசும் ஒன்னுதானே? எந்தப் புண்ணியவான் மண்டையில உதிச்ச கணக்கு இது?"

முத்துமணி திருதிருவென்று விழித்தான். சுகுணாவைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான்.

"நீங்களே கேக்கறீங்களேண்ணா."

"ஏன், நான் கேக்கக் கூடாதா?"

"அதுக்கில்லீங்க. பொண்ணுங்க மேட்ச் இதான் மொத தடவை. ஆம்பளைங்களுக்கு எழுபதுன்னு முடிவு பண்ணிட்டோம். பொம்பளைங்களுக்கு என்னா போடறதுன்னு தெரியல. ஆளுக்கொன்னு சொன்னாங்க. கடைசியில, ஊர்ல பெரிய மனுசன் ஒருத்தர் வழக்கத்தைப் பார்த்துப் போட்டா யாரும் குத்தம் சொல்ல முடியாதுன்னு தோணுச்சு."

"எந்தப் பெரிய மனுசன்?" என்றாள் சுகுணா.

"அப்பாதாம்மா. சீசன் ஆரம்பத்துல உங்க தோப்புல என்ன கூலி போடறாங்களோ, சுத்துப்பட்டுத் தோப்பு அத்தனைக்கும் அதுதானே கூலி. பறிக்கற ஆம்பளைக்கு எழுநூறு, பொம்பளைக்கு நானூறு. அதுக்குப் பின்னாடி ரெண்டு சைபர் சேர்த்தோம், அவ்ளோதான்."

அவன் குரலில் குத்தல் எதுவும் இல்லை. மரியாதைதான் இருந்தது.

"தப்புன்னா சொல்லுங்கண்ணா, இப்பவே பேனரை மாத்திடறோம். மாத்திடலாமா?"

வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த கோவிந்தப்பன், பைக் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

சுகுணாதான் கேட்டாள். "சொல்லுங்கப்பா. மாங்காய்க்குத் தெரியுமா, பறிக்கறது ஆம்பளக் கையா பொம்பளக் கையான்னு?"