கடிகாரத்துக்குக் கீழே

"மூணாம் நம்பர், கடிகாரத்தை விட்டு நகராதீங்க!" என்றாள் டைரக்டர், பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டு.

அவள் இருந்தது அலுவலகத்தின் மாடியறையில். முன்னே மூன்று திரைகள். நிகழ்ச்சி நடந்ததோ எங்கோ தொலைவில், ஒரு ரயில் நிலையத்தில். சாயங்கால நெரிசலுக்கு நடுவே ஒரு பாட்டுக் குழு பாட, அது நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. படம் பிடிக்கும் மூன்று பேரும் அங்கேயே வாடகைக்கு அமர்த்திய ஆட்கள். அவளுக்கு அவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவுதான்.

அவள் சொல்வது அவர்கள் காதில் விழும். ஆனால் நேரலையில் அவர்கள் வாய் திறக்கக் கூடாது. கேமராதான் பதில் சொல்லும். மேலும் கீழும் அசைந்தால் சரி. பக்கவாட்டில் அசைந்தால் இல்லை.

ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, மூன்றாம் திரை மேலும் கீழும் அசைந்தது.

"பாடறவங்களை விட்டுட்டு அந்தக் கடிகாரத்தையே பாத்துட்டிருக்கீங்களே, அது என்ன சுதி சேக்குதா?" என்றாள் பக்கத்திலிருந்த தோழி. எந்தப் படம் வெளியே போக வேண்டுமோ அதன் பொத்தானைத் தட்டுவது அவள் வேலை.

"என் தம்பி வர்றானாம்."

"உங்களுக்குத் தம்பி இருக்காரா? சொன்னதே இல்லையே!"

"பேச்சுவார்த்தை இருந்தாத்தானே சொல்ல? நேத்து சித்திகிட்ட சொல்லியிருக்கான். 'நாளைக்கு ஸ்டேஷன்லதான் இருப்பேன். அக்கா என்னைக் கண்டுபிடிச்சிட்டா பழையபடி பேசறேன், இல்லைன்னா அவ்வளவுதான்'னு."

"நல்ல வயசுதான் கண்ணாமூச்சி ஆட! சரி, அதுக்கு எதுக்குக் கடிகாரம்?"

"அதுக்குக் கீழதான் அப்பெல்லாம் எங்க வேன் நிக்கும். வந்தா அங்கதான் வருவான்."

அந்த வேன்! இந்தத் திரைகளெல்லாம் அப்போது அதற்குள்தான். உள்ளே நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் வெளியே போய்த்தான் தும்ம வேண்டும். தம்பிக்குக் கேபிள் இழுக்கும் வேலை. சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வழி, வழி!" என்று கூட்டத்துக்குள் பாய்வான். மழை வந்தால் தன் சட்டையைக் கழற்றிக் கேமராவுக்குப் போர்த்துவான். ஒருநாள் வேன் கதவில் கால் கட்டைவிரல் நசுங்கி நகமே போனது. "விடுக்கா, வெட்டற வேலை மிச்சம்" என்று சிரித்தான்.

அவளிடம் திட்டு வாங்காத நாள் கிடையாது. நிகழ்ச்சி முடிந்ததும் வேனுக்குள் வந்து, அத்தனை இடுக்கிலும் அவள் காலில் தடாலென்று விழுவான். அவள் "எந்திரிடா" என்று சொன்னால்தான் எழுந்திருப்பான். அதற்குள் மற்றவர்கள் சிரித்து ஓய்ந்திருப்பார்கள்.

வேனை விற்றுவிட்டு அலுவலகம் இந்த அறையைக் கட்டியபோது அவள் சரி என்றாள். அவன் குதித்தான். "முகம் பாக்காம, பேரு தெரியாம, நம்பரைக் கூப்பிட்டு வேலை வாங்குவியா? நீயாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனவன்தான். எந்த ஊரில் இருக்கிறான், என்ன செய்கிறான், எதுவும் தெரியாது.

"மூணாம் நம்பர், கூட்டத்துல எனக்குச் சரியாத் தெரியலை. கடிகாரத்துக்குக் கீழ உயரமா, ஒல்லியா யாராவது நிக்கறாங்களா?"

திரை பக்கவாட்டில் அசைந்தது. பிறகு தானாகவே நகர்ந்து வாசல் தூணுக்குப் போய், அதன் விளிம்பில் இருந்த ஒரு பழைய சிராய்ப்பில் நின்றது.

"யாருங்க உங்களை அங்க போகச் சொன்னது?" என்று அதட்டியவள், பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "ஐயோ, இது எங்க வேன் இடிச்ச இடம். இன்னும் பூசாம அப்படியே வச்சிருக்காங்க பாரேன்."

"கண்ணைத் துடைச்சுக்குங்க. அடுத்து எந்தப் படம்?"

"ரெண்டு... ரெண்டு போடு. மூணாம் நம்பர், கடிகாரத்துக்கே திரும்புங்க."

பாட்டு முடிந்தது. கைதட்டல் ஓய்ந்தது. கூட்டம் அவரவர் ரயிலுக்கு ஓடியது. கடிகாரத்துக்குக் கீழே வெறும் தரை.

"நிகழ்ச்சி முடிஞ்சுது" என்றாள் தோழி. "வருத்தப்படாதீங்க. ரயில் கிடைச்சிருக்காது."

டைரக்டர் கடைசியாக ஒருமுறை பொத்தானை அழுத்தினாள்.

"எல்லாருக்கும் நன்றி, கிளம்பலாம். மூணாம் நம்பர், நீங்க மட்டும் ஒரு நிமிஷம். என் தம்பி வருவான்னு உங்களைச் சாயங்காலம் முழுக்க அங்கேயே கட்டிப் போட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க. உங்க பேரைக்கூட நான் கேக்கலை. பேரு என்னங்க?"

முதல் திரை இருண்டது. இரண்டாவதும் இருண்டது. மூன்றாவதில் கடிகாரம் மெல்ல மேலே நழுவியது. பிறகு தூண், வாசற்படி, தரை.

"கேமரா சாஞ்சிடுச்சு போல!" என்று பதறினாள் தோழி.

படம் இன்னும் குனிந்து, அதைப் பிடித்திருந்தவரின் செருப்புக் கால்களில் வந்து நின்றது. வலது கட்டைவிரலில் நகம் இல்லை. கேமரா அப்படியே கிடந்தது, நிமிரவே இல்லை.

டைரக்டர் பொத்தானை அழுத்தினாள்.

"எந்திரிடா."