தெரிந்த தொழில்

விண்ணப்பத்தில் 'தெரிந்த தொழில்' என்று அச்சடித்த இடத்தில் ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். சாமுவேல் அந்த வரியில் ஆரம்பித்து, ஓரத்தில் ஏறி, காகிதத்தின் பின்பக்கத்துக்கும் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தை நடத்தும் கரஸ்பாண்டெண்ட் சுந்தரவரதன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"என்னடா இது, மளிகை லிஸ்டா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பக்கத்திலிருந்த ஹெட்மாஸ்டர் கிருஷ்ணசாமி சிரிக்கவில்லை.

உத்திரமேரூரில் அந்த உயர்நிலைப் பள்ளி தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு அட்டெண்டர் வேண்டும். மணி அடிக்க வேண்டும், பெஞ்சுக்கு ஆணி அடிக்க வேண்டும், கிணற்றில் ஆயில் என்ஜின் நின்றுபோனால் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம்.

"உன் வாயாலேயே சொல்லு, கேட்போம்," என்றார் சுந்தரவரதன்.

நாற்பது வயதுச் சாமுவேல் கை கட்டிக்கொண்டு சொன்னார். "எட்டாவது பாஸ் சாமி. நடவு, அறுப்பு தெரியும். கூரை போடுவேன். ஆயில் என்ஜின் பிரிச்சி மாட்டுவேன். தையலு தெரியும். ரேடியோ ரிப்பேரு பண்ணுவேன். மாடு கன்னு போடக் கஷ்டப்பட்டா கூட இருந்து பாப்பேன். சர்ச்சுல ஆர்மோனியம் வாசிக்கிறேன்..."

"போதும்டா, எனக்கு மூச்சு வாங்கறது. இத்தனையும் யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லித் தர்ல சாமி. வேலை நடக்கிற எடத்துல சும்மா நின்னுக்கினு கீறது எனக்குப் பேஜாரு. கூடமாட செஞ்சி கத்துக்கினேன். ஒண்ணு இன்னொண்ணுக்கு ஒதவுது சாமி. ஆர்மோனியத்துல துருத்தி கிழிஞ்சா, தையலு தெரிஞ்சாத்தான் ஒட்டுப் போட முடியும்."

"அப்போ மாட்டுக்குப் பிரசவம் பார்க்கறச்சே ஆர்மோனியம் வாசிப்பியோ?"

"பாட்டுப் பாடுவேன் சாமி. மெரண்ட மாடு அடங்கி நிக்கும்."

இப்போது ஹெட்மாஸ்டர் சிரித்தார். சுந்தரவரதனுக்குப் பிடிக்கவில்லை.

"எதிலேயும் நிலைச்சு நிக்கலேங்கறதை இவ்வளவு அழகா எவனும் சொன்னதில்லே. ஒண்ணைப் பிடிச்சுண்டவன்தான்டா மனுஷன்!"

அவரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டவர்தான். அப்பா விட்டுப்போன நிலத்தை.

"இந்த வேலை கெடைச்சா போதும் சாமி," என்றார் சாமுவேல். "இன்னிக்கி எவன் கூப்புடுவான்னு தெனம் விடியக்காலைல வூட்டு வாசல்ல குந்திக்கினு கீறேன். கூப்புட்டாத்தான் அன்னிக்கிக் கஞ்சி. மூணு புள்ளைங்க கீது."

"தள்ளி நில்லு. அடுத்த ஆள்!"

அடுத்த ஆள் பாண்டுரங்கன். ஜமீன் கச்சேரியில் பதினோரு வருஷம் தபால் உறைக்கு அரக்கு வைத்து முத்திரை குத்தியவர். ஜமீனை ஒழித்தபோது அரக்கும் போயிற்று. இங்கே அவருக்கு மட்டும் உட்கார நாற்காலி கிடைத்தது.

"வேறே என்ன தெரியும்?" என்று கேட்டார் ஹெட்மாஸ்டர்.

"முத்திரை மட்டுந்தாங்க."

"மணி அடிப்பீங்களா?"

பாண்டுரங்கன் யோசித்தார். "கச்சேரியில அதுக்கு வேற ஆளு இருந்தாருங்க."

"பெஞ்சுக் கால் ஒடிஞ்சா?"

"தச்சனுக்குச் சொல்லி அனுப்பணுங்க."

"என்ஜின் நின்னுட்டா?"

"காஞ்சிபுரத்து மெக்கானிக்குக்கு ஒரு லெட்டர் போடுங்க. முத்திரை நான் குத்தித் தரேன்."

"பார்த்தீரா ஹெட்மாஸ்டர்!" சுந்தரவரதன் மேஜையைத் தட்டினார். "மனுஷன்னா இப்படி இருக்கணும். இவர்தான் நமக்கு வேணும்."

"சார், நம்மகிட்டே இருக்கிறது ஒரு போஸ்ட். வேலை இருபது. சாமுவேலைப் போட்டா நாம கவலையில்லாம பாடம் நடத்தலாம்."

"அல்லறை சில்லறையா பத்து வேலை தெரிஞ்சவன் நாளைக்கே பதினொண்ணாவதைத் தேடிண்டு ஓடிப்போயிடுவான். பள்ளிக்கூடத்துக்கு இந்த மாதிரி ஆள் சரிப்படாது."

சிவப்பு மசியைத் தொட்டு, சாமுவேலின் விண்ணப்பத்தில் அழுத்தி எழுதினார்: 'நிலையான தொழில் இல்லை.'

சாமுவேல் அதை நின்ற இடத்திலிருந்தே படித்துவிட்டார். தலைகீழாக இருப்பதையும் படிக்கத் தெரியும் என்று விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டிருந்தார், பாவம்.

"வரேன் சாமி," என்று கும்பிட்டுவிட்டு வெளியே போனார். வாசலில் நின்றிருந்த அவர் மனைவி பாக்கியமேரி ஓரடி முன்னால் வந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

ஹெட்மாஸ்டருக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் அவருக்கும் சம்பளம் கொடுப்பது அதே கரஸ்பாண்டெண்ட்தான். பாண்டுரங்கனின் பெயரை ரிஜிஸ்தரில் எழுதினார்.

மத்தியானம் வீட்டில் சுந்தரவரதனுக்கு அவர் மனைவி பத்மாசினி இலை போட்டுப் பரிமாறினாள்.

"அட்டெண்டர் வேலைக்கு நம்ம சாமுவேலைத்தானே போட்டேள்?"

"இல்லே."

"ஏன்னா? முந்தாநாள் ஊமையாக் கிடந்த ரேடியோவை வாசல்லே வெச்சதும், அரை மணியிலே பாட வெச்சுட்டானே! போன வாரம் மாட்டுக் கொட்டகை சரிஞ்சப்போ யார் வந்து முட்டுக் கொடுத்தா? இவனை மாதிரி ஒருத்தன் இந்தத் தாலுகாவிலேயே கிடையாதுன்னு நீங்கதானே சொன்னேள்?"

"இப்பவும் அதையேதான் சொல்றேன்," என்றார் சுந்தரவரதன், ரசத்துக்குச் சாதத்தில் குழி பண்ணியபடி.

"பின்னே ஏன் வேண்டாம்னேள்?"

"அசடு! பத்து மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் அவன் அங்கே மணி அடிச்சுண்டிருந்தா, நாம கூப்பிட்ட நிமிஷம் இங்கே எவன் வந்து நிப்பான்?"