கிளித் தொப்பி யார் வீட்டுக்கு?

உருண்டையாக இருக்கும், ஆனால் முழு உருண்டை இல்லை. நேராக விட்டால் கோணலாகப் போகும். கோணலாக விட்டால் வீடு போய்ச் சேரும். அது என்ன?

எங்கள் கிளப்பில் கேட்டால் "நெவில்" என்பார்கள். சரியான விடை, புல்தரையில் உருட்டுகிற பௌல்ஸ் பந்து.

பந்தின் ஒரு பக்கம் சின்ன வளையம், மறுபக்கம் பெரிய வளையம். சின்ன வளையம் இருக்கும் பக்கமாகப் பந்து வளையும். மாற்றிப் பிடித்துவிட்டால், தொட வேண்டிய குட்டி வெள்ளைப் பந்தை விட்டுவிட்டுப் பக்கத்து ஆட்டக்காரர் காலடியில் போய் நிற்கும்.

அப்படி மாற்றி உருட்டியவர் தலையில், அலகு வைத்துத் தைத்த கலா தொப்பி ஏறும். கலா என்பது ரோஸ் நிறக் கிளி. ஆஸ்திரேலியாவில், எங்கள் முர்ரே ஆற்றங்கரையில் முட்டாளுக்கும் அதுதான் பெயர். அடுத்தவர் தப்பு செய்யும்வரை தொப்பியைக் கழற்றக் கூடாது. ஆட்டம் முடியும்போது யார் தலையில் இருக்கிறதோ, அவர் வீட்டு வாசலில் ஒரு வாரம் அது தொங்க வேண்டும்.

ஏழு வாரமாக அது நெவில் வீட்டு வாசலில்தான் தொங்கியது.

பத்து வயது டெஸ்ஸுக்கு இது பொறுக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் அவளும் நெவிலும் அவருடைய பழைய நண்பர் கிளைவும் ஓர் அணி. ஜெயித்தவர் பெயரைக் கிளப் பலகையில் தங்க எழுத்தில் எழுதுவார்கள். அந்தப் பலகையில் இதுவரை ஒரு குழந்தையின் பெயரும் இல்லை.

"என் டீம்ல நெவில் வேண்டாம். அவருக்கு எல்லாம் மறந்துபோகுது" என்று காலையிலேயே செயலாளர் பெவர்லியிடம் சொல்லிப் பார்த்தாள்.

"எழுபத்தொன்பது வயசும்மா அவருக்கு. என் மூளையே சல்லடையாயிடுச்சு. போ, போய் விளையாடு. நான் உனக்கு எதிர் டீம், ஞாபகம் இருக்கட்டும்."

நெவில் முதலில், கிளைவ் அடுத்து, டெஸ் கடைசி. ஒரு சுற்றுக்கு ஆளுக்கு இரண்டு பந்து.

ஐந்தாம் சுற்றில் கிளைவின் பந்து எதிர்ப்பக்கம் வளைந்தது. தொப்பி அவர் தலைக்குப் போனது. அடுத்த சுற்றின் முதல் பந்திலேயே நெவிலும் மாற்றி உருட்டினார். தொப்பி நெவிலுக்கு வந்தது.

கிளைவ் வயிறு குலுங்கச் சிரித்தார். "உன் மூளை ஓட்டை வாளிடா, நெவில். இருபது வருஷத்துல இந்தக் கிளி என் வீட்டுப் படி ஏறினதில்லை. ஏறுற அன்னிக்குப் பந்தைத் துடைச்சு அலமாரி மேல வெச்சுடுவேன். அப்புறம் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

"உனக்கென்னடா, நீ கில்லாடி" என்றார் நெவில்.

தேநீர் இடைவேளையில் டெஸ் நெவிலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வளையத்தைப் பார்த்தீங்க. சரியாத்தான் பிடிச்சிருந்தீங்க. அப்புறம் திருப்பினீங்க."

"அப்படியா? மறந்துட்டேனே."

"கிளைவ் தப்பு பண்ணினா மட்டும் உங்களுக்கு மறதி வருது."

நெவில் ஸ்கோன் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே இருந்தார். "உனக்குக் கண்ணு நல்லா இருக்கு. வாய் எப்படி?"

"மூடிக்குவேன்."

"தப்பா உருட்டினது அஞ்சு நிமிஷத்துல அவனுக்கு மறந்துடும். வாசல்ல தொப்பி தொங்கினா எப்படி மறக்கும்? சொன்ன மாதிரியே ஆட்டத்தை விட்டுடுவான். பெண்டாட்டி போய்ச் சேர்ந்தப்புறம் அவன் வீட்டை விட்டு வெளியே வர்றதே இதுக்குத்தான்."

"அதுக்காக நாம தோத்துப்போகணுமா?"

"எங்க தோத்தோம்? என்னோட ரெண்டாவது பந்தை நீ பார்க்கவே இல்ல."

டெஸ் யோசித்துப் பார்த்தாள். நெவிலின் இரண்டாவது பந்து எப்போதும் வெள்ளைப் பந்தை உரசிக்கொண்டுதான் நின்றது.

கடைசிச் சுற்று. இரண்டு அணிக்கும் சம புள்ளி. நெவில் தன் பந்துகளை உருட்டி முடித்துவிட்டார். கிளைவின் முதல் பந்து ஓரளவு நன்றாகப் போனது. இரண்டாவது பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். உருட்டினார்.

பந்து பக்கத்து ஆட்டத்துக்குள் போனது.

பெவர்லி தொப்பியை நெவில் தலையிலிருந்து எடுத்துக் கிளைவ் தலையில் வைத்தாள். இந்தமுறை கிளைவ் சிரிக்கவில்லை. தொப்பியின் அலகைத் தொட்டுப் பார்த்தார். "இது எனக்கா?" என்றார்.

நெவில் தன் வெறும் கைகளைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு அடுத்த சுற்று இல்லை.

டெஸ் முதல் பந்தை ஒழுங்காகவே உருட்டினாள். அது வெள்ளைப் பந்துக்கு அரை அடி முன்னால் நின்றுவிட்டது. இன்னும் கிட்டே இருந்தது பெவர்லியின் பந்து.

"ஒரு பந்துதான் பாக்கி" என்றாள் பெவர்லி. "வழி திறந்தே இருக்கு, டெஸ். நல்லா விட்டா உன் பேரு பலகையில. கிளைவ், வாசல்ல ஆணி இருக்கா, நான் அடிச்சுத் தரட்டுமா?"

கிளைவ் பக்கத்து ஆட்டத்திலிருந்து தன் பந்தை எடுத்துவந்து துடைக்க ஆரம்பித்தார்.

டெஸ் குனிந்தாள். சின்ன வளையம் எந்தப் பக்கம் என்று பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

பந்தைத் திருப்பிப் பிடித்து உருட்டினாள்.