உறவினர் அல்லாத ஒருவர்

"நம்ம மாப்பிள்ளைதான் மேடம், தங்கமான ஆளு" என்று பூட்டுக்காரர் சொன்ன அந்த நொடியில் என் லைசென்ஸ் போய்விட்டது.

அதிகாரி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். மாப்பிள்ளை என்றால் உறவு. உறவினர் சாட்சி சொல்ல முடியாது. அவ்வளவுதான்.

வீட்டுத் தரகருக்கு லைசென்ஸ் வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து நான் படாத பாடு இல்லை. பள்ளிச் சான்றிதழ் கேட்டார்கள், தேடிப் பிடித்துக் கொடுத்தேன். இந்த வயதில் வகுப்பில் போய் உட்கார் என்றார்கள், உட்கார்ந்தேன். பரீட்சையில் ஒரு தடவை கோட்டை விட்டு, மறு தடவை தேறினேன். என் மேல் மோசடி வழக்கு எதுவும் இல்லை என்று நீதிமன்றத்தில் எழுதி வாங்கச் சொன்னார்கள். அங்கே போகிற வழி எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

மிச்சம் ஒன்றே ஒன்று. ஐந்து வருடமாவது என்னைத் தெரிந்த, உறவினர் அல்லாத, இதே தொழிலில் இல்லாத ஒருவர் நேரில் வந்து நான் யோக்கியன் என்று சொல்ல வேண்டும்.

இருப்பதிலேயே இதுதான் சுலபம் என்று நினைத்திருந்தேன்.

பூட்டுக்காரருக்கும் எனக்கும் ஒரு சொந்தமும் கிடையாது. நான் ஒரு வீட்டை முடித்துக் கொடுத்தால் பழைய பூட்டைக் கழற்றிப் புதுசு போடுகிறவர் அவர். பிடித்தவர்கள் எல்லாரும் அவருக்கு மாப்பிள்ளைதான். இத்தனைக்கும் மனிதருக்குப் பெண்ணே கிடையாது. அதையும் சொல்லிப் பார்த்தேன். அதிகாரி அம்மா அசையவில்லை. போன வருடம் ஒருவனுக்கு அவன் மச்சானே வந்து நல்லவன் என்று சாட்சி சொல்லி, இரண்டு பேருமாக முன்பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்களாம். அதிலிருந்து முறை சொல்லிக் கூப்பிடும் யாரையும் இவர் நம்புவதில்லை.

அடுத்து பெயிண்டரைக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் பாடம் நடத்தினேன். சார் என்று சொல், இல்லை பெயரைச் சொல், ஒன்றும் வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டு. மண்டையை மண்டையை ஆட்டினான். மேசைக்கு முன்னால் போய் நின்றதும், அண்ணன் ரொம்ப நேர்மையானவர் என்று ஆரம்பித்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், அதெல்லாம் சும்மா வாய்க்கு வருவதுதானே அக்கா என்று கத்திவிட்டேன்.

"நான் உங்களுக்கு அக்காவா? அப்போ உங்க ஃபைலை நானே தொடக் கூடாது" என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வரிசையில் நின்றவர்கள் அவருக்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

பரீட்சை மதிப்பெண் இன்றோடு காலாவதி. ஆபீஸ் மூடுவதற்குள் ஆள் வராவிட்டால் மறுபடியும் வகுப்பு, மறுபடியும் பரீட்சை. அதுவரை ஒரு வீட்டின் கதவைக்கூட யாருக்கும் திறந்து காட்ட முடியாது.

மாடிப்படியில் உட்கார்ந்து கைபேசியில் இருந்த பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். மாமா, சித்தப்பா, மச்சான், பங்காளி, பெரியம்மா. இதில் நிஜச் சொந்தம் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். கண்டவரிடமெல்லாம் உறவு கொண்டாடித் தொழில் செய்தவனுக்கு இது வேண்டும்.

ஓர் எண்ணில் விரல் நின்றது. பேசி நாளாகியிருந்தது. வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னேன். எந்த ஆபீஸ், எத்தனை மணிக்குள் என்று மட்டும் கேட்டாள். பிறகு, லீவு சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னாள்.

பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை பார்க்கிறவள். நீலச் சீருடையோடேயே வந்துவிட்டாள். வந்ததும் என் சட்டையைப் பார்த்தாள். பொத்தான் மாறியிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். நான் திரும்பி நின்று சரிசெய்துகொண்டேன்.

இவளுக்குப் பாடம் நடத்தத் தேவை இருக்கவில்லை. முறை சொல்லியோ பெயர் சொல்லியோ என்னை இவள் கூப்பிட்டதே கிடையாது.

எத்தனை வருடமாகத் தெரியும் என்று அதிகாரி அம்மா கேட்டார். பதினோரு வருடம் என்றாள். ஆள் எப்படி என்று கேட்டார்.

"இவருக்குப் பொய் சொல்ல வராதுங்க. சொன்னா காது சிவந்து மாட்டிக்குவாரு. அடுத்தவங்க காசைத் தொட மாட்டாரு. சொன்ன நேரத்துக்கு மட்டும் வர மாட்டாரு."

அதிகாரி அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். அத்தனையையும் எழுதிக்கொண்டார். என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

எழுதி முடித்துவிட்டு, இவர் உங்களுக்கு உறவா என்று கேட்டார்.

ஆமாம் என்றால் எல்லாம் போச்சு. அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"போன மாசம் வரைக்கும் இருந்தாரு. கோர்ட்ல தீர்ப்பாயிடுச்சு. இப்போ இவரு எனக்கு யாரும் இல்லைங்க."

அதிகாரி அம்மா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விதிகள் இருந்த தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை ஒரு முறை படித்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தி, ஃபைலை என் பக்கம் தள்ளினார்.

எனக்கு எல்லாத் தகுதியும் வந்துவிட்டதாம்.