வாசலில் சொன்னது

திங்கட்கிழமை காலை. வெளிநாட்டுக்கு வந்த நான்காவது மாதமே வேலையை விட்டுவிட்டதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"என்னங்க, ஆபீஸ் போகலையா?"

"வெள்ளிக்கிழமையே ராஜினாமா லெட்டர் கொடுத்துட்டேன். பக்கத்து சீட்டுக்காரன்கூட சாப்டியான்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டேங்கறான். சுவத்தோட எத்தனை நாள் குப்பை கொட்டறது?"

"இந்த வேலை போனா விசாவும் போச்சு, தெரியுமில்ல?"

அது சனிக்கிழமையே உறைத்துவிட்டது. வேலையைத் திரும்பக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

போன் அடித்தது. மேலாளர் தன் மொழியில் கேட்டார்: "ஏன் இன்னும் வரவில்லை?"

"சார், நான்தான் லெட்டர்..."

"கொடுத்தீர்கள். ஆனால் கிளம்பும்போது வாசலில் நின்று, 'போய்விட்டு வருகிறேன்' என்றீர்களே? எங்கள் ஊரில் வருகிறவன்தான் அப்படிச் சொல்வான். மனம் மாறிவிட்டீர்கள் என்று லெட்டரைக் கிழித்துவிட்டேன்."

வாய்ப்பழக்கத்தில் மொழிபெயர்த்துச் சொன்னது. அதை அவரிடம் சொல்லவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு, "போறேன்" என்று ஓடினான்.

"அய்யய்யோ, வாயைக் கழுவுங்க!" என்று மனைவி பின்னாலேயே கத்தினாள். "போயிட்டு வரேன்னு சொல்லுங்க. சாயங்காலம் அங்கயும் மறக்காம!"