பாதிப் பாட்டு

பாட்டு நன்றாக ஏறி வருகிற நேரம் பார்த்து, பக்கத்து அறை ரேடியோ டக்கென்று நின்றது.

"இன்னைக்கும் பாதிதானா," என்றாள் கோகிலா, ஆட்டி நிறுத்திய தூளியை விட்டுக் கையை எடுத்தபடி. குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது.

காஜா பேராங்கில் அந்த வரிசை வீடுகளுக்கு இன்னும் கரண்டு வரவில்லை. வெள்ளைக்காரன் போய் மெர்டேக்கா வந்தால் அதுவும் வந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். அதுவரை பக்கத்து அறைக் கலியாணசுந்தரத்தின் ரேடியோவுக்குப் பழைய லோரி பேட்டரிதான் சோறு. இறங்கிப்போனால் சைக்கிளில் கட்டித் தெங்கேராவில் இருக்கிற பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய் சார்ஜ் போட்டு வருவார். ஆசிட் பட்டு அவர் சட்டையெல்லாம் ஓட்டை.

கோகிலா குடிவந்து கொஞ்ச நாள்தான். யாரோடும் பேசக் கூச்சம். புருஷன் கப்பல் வேலைக்குப் போய்விட்டால் அந்தப் பாட்டுதான் துணை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அது எழும்பினால், விளக்கும் தூளியும் அவளுமாய் ஏதோ ஆற்றில் மிதந்து போவதுபோல் இருக்கும். கரை தெரியுமுன் மனுஷன் அணைத்துவிடுவார்.

ஒருதரம் துணிந்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, பாட்டை முழுசாய் வைக்கக் கூடாதா அண்ணே என்று கேட்டும் பார்த்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

அந்தக் கோபமெல்லாம் இன்று வாசலில் நின்ற எதிர்வீட்டுப் பொன்னம்மாவிடம் கொட்டியது.

"அடுத்தவ காதுல ரெண்டு வரி கூடுதலா விழுந்தா பேட்டரி இறங்கிடுமாம். இப்படியும் ஒரு கஞ்சம் உண்டாக்கா?"

பொன்னம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அவருக்குக் காது சுத்தமா கேட்காதும்மா. கல்லு மலையில வெடி வச்சப்பவே போச்சு."

"அப்ப ரேடியோ எதுக்கு?"

"உன் தூளி தொங்குற உத்தரம் அவரு அறைவரைக்கும் போகுதில்ல? பொழுது சாஞ்சா அதுமேல கைய வச்சுக்கிட்டு நிப்பாரு. ஆடினா, புள்ள அழுவுதுன்னு பாட்டு வைப்பாரு. நின்னா, தூங்கிடுச்சுன்னு அணைச்சிடுவாரு. நாளைக்கும் உன் புள்ளைக்குப் பாட்டு வேணுமே."

கோகிலா உள்ளே வந்தாள். தூங்குகிற பிள்ளையை எடுத்துப் பாயில் கிடத்திவிட்டு, காலித் தூளியை மெல்ல ஆட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டு எழுந்தது.

அது பாதி வருமுன்னே, பேட்டரி இறங்கிவிடுமே என்று, அவளே தூளியைப் பிடித்து நிறுத்தினாள்.