புரோக்கர்மார் வரவேண்டாம்

நீங்களே சொல்லுங்க, என் வீட்டை நான் விக்கிறதுக்கு எதுக்கு ஒரு புரோக்கர்?

அலுவிகாரையில மெயின் ரோட்டுல இருந்து நாலு எட்டு வச்சா வீடு. வெயில்லயும் மழையிலயும் பக்கத்துல நின்னு நான் கட்டுவிச்சது. வீட்டு உறுதிப் பத்திரம் இத்ரூஸ்ங்கிற என் பேர்ல இருக்கு. கேற்றுல தமிழ்லயும் சிங்களத்துலயும் போர்ட் எழுதித் தொங்கவிட்டேன். வீடு விற்பனைக்கு, புரோக்கர்மார் வரவேண்டாம்.

அன்னைக்கே வந்து நின்னார் மீராசாஹிப். எங்க பக்கம் யார் காணி வாங்கினாலும் வித்தாலும் இந்த ஆள் மூக்கை நுழைக்காம நடக்காது. வயசு எழுபதைத் தாண்டிட்டு, ஆசை தாண்டல்ல.

"ராத்தாட்ட கேட்டுட்டா விக்கிறீங்க, தம்பி?"

எனக்குச் சுர்ருன்னு ஏறிட்டு. என் குடும்பத்துக்குள்ள இவருக்கு என்ன வேலை? போர்டை வாசிக்கத் தெரியாதான்னு கேட்டுக் கேற்றைச் சாத்தினேன்.

ராத்தான்னா என் கூடப்பொறந்த மூத்தவ, நுஸ்லா. குவைத்துல பதினாலு வருஷம் வீட்டு வேலை செஞ்சிட்டு முதுகு வலியோட திரும்பி வந்தவ. கலியாணமும் இல்ல, புள்ளைகுட்டியும் இல்ல. ஆறு வருஷமா பின்பக்க ரூமைக் குடுத்து நான்தான் சோறு போடுறேன். இந்தக் காலத்துல எந்தத் தம்பி செய்வான்?

மகனைக் கொழும்புல படிக்க வைக்கணும்னு என் பொஞ்சாதி அம்றா ஒத்தக் கால்ல நிக்கிறா. தெஹிவளையில ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. மாசக் கடைசிக்குள்ள வீடு விலைப்படல்லன்னா அட்வான்ஸ் அம்போ. அங்க ரூம் ரெண்டுதான். அதனால ராத்தாவுக்கு பல்லேபொலையில ஒரு வாடகை அறை பாத்தேன். சொன்னப்ப தலையாட்டினா. தலையாட்டினா சரின்னுதானே அர்த்தம்?

மூணு பார்ட்டி வந்தாங்க. கிணத்தை எட்டிப் பாத்தாங்க, சுவரைத் தட்டிப் பாத்தாங்க, ராத்தா ஊத்திக் குடுத்த டீயைக் குடிச்சாங்க. மூணு பேருக்கும் வீடு புடிச்சிட்டு. உறுதி எழுத நாளைக்கே நொத்தாரிசைப் பாப்போம்னு சொல்லிட்டுப் போனவங்க, சந்தி டீக்கடையைத் தாண்டினதோட சரி. அப்புறம் நான் கூப்பிட்டா போன் எடுக்கல்ல.

அந்த டீக்கடை பெஞ்சுல காலையில இருந்து குந்திக்கிட்டு இருக்கிறது யாருன்னு நினைக்கிறீங்க? மீராசாஹிப்தான். வைக்கோல் போர்ல படுத்த நாய்க்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

மூணாவதா வந்தவர் தர்மராஜா, அரசாங்கக் கச்சேரியில வேலை பாக்குற யாழ்ப்பாணத்து மனுஷன். அம்றாட போன்ல இருந்து கூப்பிட்டேன். வேற நம்பர்ங்கிறதால எடுத்துட்டார். அந்தக் கிழவன் என்ன சொன்னான், பேய் வீடுன்னானா, வழக்கு இருக்குன்னானான்னு கேட்டேன்.

"அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை. தேத்தண்ணி தந்த அக்காட்டயும் ஒரு வார்த்தை கேட்டிட்டு வாங்குங்கோ எண்டார். திரும்பி வந்து கேற்றடியில கேட்டனான். அவ வாயே திறக்கேல்லை, அழுதவ. கண்ணீர் விழுந்த வீடு எங்களுக்கு வேண்டாம், தம்பி."

அழுதாளாம். ஆறு வருஷம் தின்ன சோத்துக்கு இதுதான் நன்றி. அவளைத் தூண்டிவிட்டதும் அந்தக் கிழவனாத்தான் இருக்கும். அவள்ட்ட ஒண்ணும் கேக்கல்ல, நேரா சந்திக்குப் போனேன்.

ஜும்ஆ தொழுகை முடிஞ்சு சனம் வர்ற நேரம். நல்லதுதான்னு நினைச்சேன், நாலு பேருக்கு முன்னால நாறட்டும். வாயில வந்ததெல்லாம் சொன்னேன். அடுத்தவன் வயித்துல அடிக்கிறவன்னேன், கொமிஷனுக்குப் பேயா அலையுறவன்னேன். ரெண்டு பேர் வந்து என் கையைப் புடிச்சாங்க. உதறிட்டு, பொக்கெட்டுல இருந்த சல்லியை எடுத்து அவர் முன்னால பெஞ்சுல போட்டேன்.

"ஒனக்கு வேண்டியது இதுதானே? எடுத்துட்டு வாயை மூடு."

மீராசாஹிப் பிளேன்டீயைக் கீழ வச்சார். சல்லியை மடிச்சு என் பக்கம் தள்ளினார்.

"வேணாம் தம்பி. ஒரே வீட்டுக்கு ரெண்டு தரம் கொமிஷன் எடுக்கிற பழக்கம் எனக்கில்ல."

விட்டேனா நான்? சனத்தைப் பாத்துத் திரும்பினேன். இந்த ஆளுக்கு ஒரு சதம் நான் குடுத்ததில்ல, மௌத்தான எங்க வாப்பாவும் குடுத்ததில்ல, அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்றேன்னேன்.

"முதல் தரம் எப்ப எடுத்தே, யார்ட்ட எடுத்தே? இத்தனை பேருக்கு முன்னால சொல்லு."

"வீட்டுக்குப் போங்க தம்பி, அத இங்க வச்சுக் கேக்காதீங்க," ன்னார்.

பயந்துட்டான்னு நினைச்சேன். சொல்லாம இந்த எடத்தை விட்டு எழும்ப விடமாட்டேன்னு குறுக்க நின்னேன்.

அவர் என்னைப் பாக்கல்ல. பெஞ்சைப் பாத்துக்கிட்டே மெதுவாத்தான் சொன்னார். எல்லாருக்கும் கேட்டுச்சு.

"பன்னண்டு வருஷத்துக்கு முந்தி, அந்த வீடு நிக்கிற காணி பேசி முடிஞ்ச அன்னைக்கே என் கொமிஷன் வந்துட்டு. காணிச் சல்லியோட சேத்து குவைத்துல இருந்து வந்தது. அனுப்பினவ கையெழுத்துப் போட ஊர்ல இல்லாததாலதான் தம்பி பேருக்கு உறுதி எழுதினோம், சாட்சிக் கையெழுத்து வச்சது நான். அவதான் இப்ப அந்த வீட்டை வாங்க வர்றவங்களுக்கு டீ ஊத்திக் குடுக்கிறா."